மூன்று சாட்சி, ஒரே வாய்

சில்லறைக்கு அந்த ஊர் கொடுத்த முதல் மரியாதை ஒரு வாளி அழுக்குத் தண்ணீர். துணி அலசிய தண்ணீர். வாசலில் நின்ற அம்மாள் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, குறி தப்பாமல் அவன் செருப்பின் மேல் வீசினாள். "கை தவறிடுச்சு" என்று முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணி, இந்த ஊர்ல காலைக் கழுவிவிட்டு வரவேற்கிறாங்க."

"தலையில ஊத்தறதுக்குள்ள வேலையை முடிச்சுடலாம், நட."

அண்ணிக்குத் தொழில் வட்டாரத்தில் தராசு என்று பெயர். மொத்தத் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்த காலத்தில், வாங்க வருகிறவன் வாயைத் திறக்குமுன்பே அவன் எது வரைக்கும் இறங்குவான் என்று கணக்குப் போட்டுவிடுவாள். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. சில்லறை அவள் கணவனின் தம்பி. நாற்பதைத் தாண்டியவன். தலையில் இருந்ததெல்லாம் போய்விட்டாலும் வாயில் இருந்தது குறையவில்லை. ஒரு வார்த்தை கொடுத்தால் பத்து வார்த்தையாக மாற்றித் தருவான். அதனால்தான் அந்தப் பெயர்.

வந்த விஷயம் இதுதான். வரைபட இலாகா அந்த வட்டாரத்தில் உள்ள மலை, ஓடை, பள்ளம் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தது. ஒரு பெயர் வரைபடத்தில் ஏற வேண்டுமானால் வட்டாரத்து ஆட்கள் மூன்று பேர் தனித்தனியாக அதையே சொல்ல வேண்டும். மலையடிவாரத்து ஓடைக்குக் கொடுவாள் ஓடை என்று இந்த ஊர்ச் சாட்சிகள் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். பொய், அதன் பெயர் குருட்டோடை என்று ஒரு மனிதர் ஆட்சேபம் எழுதிப் போட்டிருந்தார். கரையில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்கு இரண்டு பத்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றில் எல்லை கொடுவாள் ஓடை, இன்னொன்றில் குருட்டோடை. வரைபடத்தில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அந்தப் பத்திரக்காரருக்கு வீடு. விசாரணை இன்று மாலை. அதோடு வரைபடத் தாள் அச்சுக்குப் போய்விடும்.

ஆட்சேபம் போட்ட மனிதர்தான் தராசின் கட்சிக்காரர். வழவழவென்று சவரம் செய்த முகம், அதைவிட வழவழப்பான பேச்சு. சில்லறை அவருக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்துவிட்டான். வெண்ணெய் ஊருக்குள் வரவில்லை. ஊருக்கு வெளியே சாலை வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். "நான் பொறந்து வளர்ந்த வீட்டுல ஒண்ணுவிட்ட தங்கச்சி ஒருத்தி பூந்துக்கிட்டு ஊரையே என் மேல ஏவிவிட்டிருக்கா மேடம். என்னைப் பார்த்தா வெட்டிப் போட்டுடுவாங்க. அந்தச் சாட்சிங்க மூணு பேரும் சொல்லிக்கொடுத்த கிளிங்க. அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க."

முதல் கிளி மாவு மில்லில் இருந்தது.

மில்காரர் இமை, மீசை, காது எல்லாம் மாவாக நின்றார். ஓடை என்ற சொல் தராசின் வாயிலிருந்து வந்ததும் மிஷினை நிறுத்தினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற தினுசில் சொன்னார்:

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து," — இங்கே ஒரு இருமல் — "அடிவாரத்துல வளைஞ்சு ஓடுற அந்த ஓடைக்குக் கொடுவாள் ஓடைன்னுதான் பேரு."

"வேற எதாவது பேரு உண்டா?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து..." இருமல். "அடிவாரத்துல..."

"போதும் போதும். ரெக்கார்டு தேய்ஞ்சுடப் போகுது," என்றான் சில்லறை.

"யார்றா நீ? அவன் கொடுத்த கார்ல வந்து இறங்கிட்டு எங்களையே கேள்வி கேக்கறியா? இன்னும் ஒரு வார்த்தை பேசினே, தூக்கிட்டுப் போய் ஓடையில அமுக்கிடுவேன்!"

இரண்டாவது கிளி முடிதிருத்தும் கடைக்காரர். சோப்பு பூசிய முகத்தோடு ஒரு ஆளை நாற்காலியில் வைத்துக்கொண்டே கத்தியை இவர்கள் பக்கம் திருப்பினார். கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து," — அடக்கமாக ஒரு இருமல் — "அடிவாரத்துல வளைஞ்சு ஓடுற அந்த ஓடைக்குக் கொடுவாள் ஓடைன்னுதான் பேரு."

சில்லறை உதட்டைக் கடித்துக்கொண்டான். "அண்ணே, உங்களுக்குச் சளியா?"

"எனக்கென்ன சளி? உனக்குத்தான் தலையில வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. வேலையில்லாத ஆளு கடையில நிக்காதே. போற வழியில ஓடையில ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போ, பிடிச்ச பீடை போகட்டும்."

நாற்காலிக்காரர் சோப்பு நுரைக்குள்ளிருந்தே, "அவளையும் சேர்த்து முக்கு" என்றார்.

தெருவுக்கு வந்ததும் சில்லறை கையைத் தட்டிக்கொண்டான். "முடிஞ்சுது அண்ணி. மில்காரருக்கு மாவுத் தூசி, இருமறாரு. சவரக்கடையில ஏது மாவு? வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது நடுவுல இருமியிருக்காரு, மாணவர் அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிட்டாரு. கலப்படம் கையும் களவுமா பிடிபட்டாச்சு. வாங்க, வெண்ணெய்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போகலாம்."

தராசு துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டே நடந்தாள். சரக்கு பார்வைக்கு ஒன்றாகவும் தொட்டால் வேறாகவும் இருக்கும்போது அவள் அப்படிச் செய்வாள்.

மூன்றாவது சாட்சி அந்த வீட்டிலேயே இருந்தாள். தண்ணீரை ஒட்டி ஓட்டு வீடு, பக்கத்தில் ஆட்டுக்கொட்டில், கொட்டிலின் கூரையிலேயே இரண்டு ஆடுகள். ஆட்டுக்காரி கழுத்துக் கயிறு முடைந்துகொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு. இவர்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

தராசு கேட்டாள். இருமலோடு அதே வாக்கியம் வந்தது.

"அது சரிம்மா. குளிக்க எங்க போவீங்க?"

ஆட்டுக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது என்ன கேள்வி? ஓடைக்குத்தான்."

"ஆடு தண்ணி குடிக்கறது?"

"ஓடையில. பின்ன ஏரோப்ளேன்லயா வந்து இறங்குது தண்ணி? இந்தா, உன் ஆளு நிக்கற இடத்தைப் பார்க்கச் சொல்லு."

சில்லறை திரும்பிப் பார்த்தான். கூரையில் நின்ற ஆடு அவன் சட்டைக் காலரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"எங்க அம்மா என்னை இந்த வீட்டுலதான் பெத்தா. நான் என் பொண்ணை இங்கதான் பெத்தேன்," என்றாள் ஆட்டுக்காரி. குரல் உயரவில்லை. "அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. அண்ணன்னு சொல்றானாமே. எங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்களே கிடையாது. அவனுக்கு வேலை செய்யற உங்களுக்கு என் வாசல்ல நிக்க வெக்கமா இல்லை? போயிடுங்க. இல்லாட்டி ஆட்டை அவிழ்த்து விட மாட்டேன், நாயை அவிழ்த்து விடுவேன்."

நாயை எங்கும் காணோம். ஆனாலும் சில்லறை முதல் ஆளாக நடையைக் கட்டினான்.

காரில் வெண்ணெய் ஆவலோடு கதவைத் திறந்தார். "சொன்னேனே, கிளிங்கதானே?"

"சொல்லிக்கொடுத்த சாட்சிதான். சந்தேகமே இல்லை," என்றாள் தராசு, வசதியாக உட்கார்ந்துகொண்டு. "உங்க சின்ன வயசுக் கதையைச் சொல்லுங்களேன். அதிகாரிகிட்டச் சொல்ல உபயோகமா இருக்கும்."

வெண்ணெய் உருகினார். குருட்டோடையில்தான் நீச்சல் கற்றாராம். காலையில் எழுந்தால் குருட்டோடைத் தண்ணீரில்தான் வாய் கொப்பளிப்பாராம். சாயங்காலம் அவருடைய அம்மா வாசலில் நின்று, "தம்பி, குருட்டோடையில எறங்காதேடா!" என்று கூப்பிடுவாராம். சொல்லும்போது கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். தராசு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். வியாபாரி தன் சரக்கைத் தானே புகழ விட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவளுடைய பழைய உத்தி என்று சில்லறைக்குத் தெரியும். எதை வாங்கப் போகிறாள் என்றுதான் தெரியவில்லை.

விசாரணை கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் நடந்தது. உரமூட்டைகளை ஒரு சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் மேஜை போட்டிருந்தார்கள். அதன் மேல் கட்டில் விரிப்பு அகலத்தில் ஒரு வரைபடத் தாள். பெயர்ப் பதிவு அதிகாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எல்லோரையும் ஒரே அளவு வெறுப்போடு பார்த்தார். அதிகாரி இருக்கிற தைரியத்தில் வெண்ணெயும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். வெளித் தாழ்வாரத்தில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். அதே வட்டாரம்தான், ஆனால் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மலைக்கு முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்பதில் தகராறு. இரண்டு ஊரும் தங்கள் பக்கம்தான் முகம் என்று பெயர் எழுதக் கேட்டிருந்தன. அவர்கள் முறை அடுத்தது.

"துப்பறிஞ்சு என்ன கண்டீங்க? சுருக்கமாச் சொல்லுங்க," என்றார் அதிகாரி.

தராசு எழுந்தாள். "மூணு சாட்சியும் சொல்லிக்கொடுத்த சாட்சிதான் ஐயா. வாத்தியார் மில்காரர். அவர் இருமலையே மத்த ரெண்டு பேரும் சேர்த்து ஒப்பிக்கறாங்க."

உள்ளே கொதித்தது. மில்காரர் மாவு பறக்கப் பாய்ந்து வந்தார், சவரக்கடைக்காரர் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "வாங்கின காசுக்கு நல்லாக் குலைக்கறா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆட்டுக்காரி மட்டும் அசையவில்லை. பத்திரம் சுற்றிய துணி மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். வெண்ணெய் மினுமினுத்தார்.

"இன்னும் முடியலை," என்றாள் தராசு. "ஐயா, உங்க அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

அதிகாரி முறைத்தார். "அம்மான்னுதான்."

"பேர் சொல்ல மாட்டீங்களா?"

"எதுக்கு? எனக்கு இருக்கறது ஒரு அம்மா."

"இவங்களுக்கு இருக்கறது ஒரு ஓடை."

அதிகாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"காலையிலேர்ந்து இந்த ஊர்ல வாய்க்கு வாய் திட்டு வாங்கறோம். ஓடையில அமுக்குவேன், ஓடையில முழுகு, எல்லாம் வெறும் ஓடை. கோபத்துல வர்ற பேச்சுல கலப்படம் இருக்காது. கரையில குடியிருக்கறவன் வாயில அதுக்குப் பேரே வராது. நீங்க பேர் கேட்டீங்க. பத்திரத்துல பார்த்து ஒண்ணாப் படிச்சுக்கிட்டு வந்து ஒப்பிச்சாங்க. ஒப்பிச்சது தப்பு. ஆனா என் கட்சிக்காரர் கரையில வளர்ந்தவராம். அவர் வாயில வெறும் ஓடைன்னு ஒரு தடவை கூட வரலை. குருட்டோடையில வாய் கொப்பளிச்சாராம். அவங்க அம்மா கூப்பிடும்போது கூட முழுப் பேரையும் சொல்லித்தான் கூப்பிட்டாங்களாம். புள்ளையைத் தண்ணியை விட்டு மேலே கூப்பிடற அம்மா, வரைபடத்துக்குப் பேர் சொல்ற மாதிரியா கூப்பிடுவா?"

வெண்ணெயின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் ஆள் மட்டும் இல்லை. "மேடம், நீங்க யார் பக்கம்?"

"சரக்கு பக்கம்."

அதிகாரி பென்சிலைத் தாளில் தட்டினார். "ரெண்டு பக்கமும் ஒப்பிச்ச பேருன்னா ரெண்டுமே செல்லாது. நான் ஓடையைப் பேரில்லாம விட்டுடறேன். வெறும் நீலக் கோடு."

ஆட்டுக்காரியின் விரல்கள் மூட்டைக்குள் புதைந்தன. கொடுவாள் ஓடை என்று ஒன்று வரைபடத்தில் இல்லையென்றால் அவள் பத்திரத்தில் எல்லையே இல்லை. தராசைப் பார்த்து, "இப்ப திருப்தியா?" என்றாள். அதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் சில்லறை உரமூட்டைகளைப் பார்த்தான்.

"பரவாயில்லை சார்," என்றார் வெண்ணெய், பெருந்தன்மையாக. "எனக்கு விதிச்சது அவ்வளவுதான். பேரே வேண்டாம், காலியாவே விடுங்க."

தராசு மெல்லத் திரும்பினாள். இதற்குத்தான் காத்திருந்தாள் என்று சில்லறைக்கு அப்போதுதான் உறைத்தது.

"பேர் போனா உங்க பத்திரமும்தானே செல்லாது? இந்தம்மா உயிர் போறாப்ல உக்காந்திருக்கு. பொறந்த வீடே போகுது, நீங்க விட்டுக்கொடுத்துட்டுச் சிரிக்கறீங்க. வாங்க வந்தவன் சரக்கு நாசமானதும் சந்தோஷப்பட்டா, அவன் வாங்க வந்தவன் இல்லை. கடையை மூட வந்தவன். ஐயா, ரெண்டு பத்திரமும் செல்லாதுன்னா அந்த இடம் யாருக்குப் போகும்?"

அதிகாரி தாளின் ஓரத்தில் பார்த்தார். "மலையோட சேரும். மலை குத்தகையில இருக்கு."

"யாருக்கு?"

"கல் குவாரிக்கு."

மில்காரர் இருமினார். இந்த முறை அசல் இருமல்.

"குவாரி தண்ணி வரைக்கும் இறங்கணும். அதுக்கு ஒரு பேர் ஜெயிக்க வேண்டியதில்லை, ரெண்டும் தோத்தாப் போதும்," என்றாள் தராசு. "அதுக்குத்தான் ஒரு போலி அண்ணன், ஒரு போலிப் பத்திரம், கூடவே ஒரு அசல் துப்பறியும் ஆபீஸ்."

"கதை நல்லா இருக்கு," என்றார் வெண்ணெய். இப்போது குரலில் வழவழப்பு கொஞ்சமும் இல்லை. "ஆனா சாட்சி சொல்லிக்கொடுத்ததுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சட்டப்படி பேர் செத்தாச்சு. சார், அழிங்க."

அதிகாரி வருத்தத்தோடு ரப்பரை எடுத்தார். "அவர் சொல்றது விதிதான்மா. சொல்லிக்கொடுக்காத மூணு வாய் வேணும். வட்டாரத்து ஆளா இருக்கணும், நான் காதால கேக்கணும்."

தராசு மேஜைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திறந்தாள். பிறகு சில்லறையின் காதருகே குனிந்தாள். "தாழ்வாரத்துக்குப் போ. உனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலைப் பண்ணு. ஆனா ஓடைன்ற வார்த்தை உன் வாயில வரக் கூடாது."

"சண்டை இழுக்கணுமா?"

"நல்லா இழு."

சில்லறை வெளியே போனான். கூட்டத்தின் நடுவில் மாட்டுத் தரகர் நின்றார். கதவு அகலத்துக்கு மார்பு, தோளில் சாட்டை. சில்லறை சட்டையின் கடித்த காலரைச் சரிசெய்துகொண்டு, கொட்டாவி விட்டான்.

"நீங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாமாம். உள்ளே இருக்கறவங்க முடிச்சுட்டாங்க. மலைக்கு முகம் அவங்க பக்கமாம். உங்களுக்கு வெறும் முதுகாம். அதுவும் இடுப்புக்குக் கீழேயாம்."

"எவன் சொன்னான்?"

"உள்ளே இருக்கறவங்கதான்."

தரகர் தூணை ஒரு குத்து குத்தினார். "யாரு, அந்தக் கொடுவாள் ஓடைக்காரப் பயலுகளா?"

ஜன்னலுக்குள் அதிகாரியின் தலை நிமிர்ந்தது. வெண்ணெய் "வெளியே ஒரே தூசி" என்று ஜன்னலைச் சாத்தப் போனார். தராசு ஜன்னல் கதவில் முழங்கையை ஊன்றி அழகாகச் சாய்ந்துகொண்டாள்.

"ஆமா, அவங்கதான்," என்றான் சில்லறை. "உங்களுக்கு ரோஷம் கிடையாது, சொன்னா நம்பிட்டுப் போயிடுவீங்கன்னு வேற சொன்னாங்க."

"ரோஷமா?" கூடையோடு நின்ற கிழவி ஒருத்தி அவனை இடித்துத் தள்ளினாள். "கொடுவாள் ஓடையைத் தாண்டினதுக்கு எங்க கிடேரியைப் பிடிச்சுக் கட்டி வெச்சதுங்க ரோஷத்தைப் பத்திப் பேசுதுங்களா? கூப்பிடுடா வெளியில!"

"அந்தத் தண்ணியிலேயே நியாயம் கிடையாது!" என்று இன்னொருவர் கத்தினார். "கொடுவாள் ஓடைத் தண்ணியை ஒரு வாய் குடிச்சவனும் உருப்பட்டதில்லை!"

"நீங்க ஏன் அதைப் பேர் சொல்லிச் சொல்றீங்க?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் அதிகாரி.

"பின்ன எப்படிச் சொல்றது?" தரகர் அவர் மேலும் பாய்ந்தார். "எங்களுக்கும் ஒரு ஓடை இருக்குய்யா! நல்ல ஓடை! அந்தச் சாக்கடையையும் எங்களுதையும் ஒண்ணாச் சொல்ல முடியுமா?"

அதிகாரி ரப்பரைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்து, தாளில் குனிந்து, நிதானமாக மையில் எழுதினார். கொடுவாள் ஓடை. பிறகு மையை ஒற்றி எடுத்தார். வெண்ணெய் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பக்கவாசல் வழியாக வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் காரின் சத்தம் கேட்டு, தேய்ந்தது.

தரகர் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தபோது விஷயம் அவருக்கு எட்டிவிட்டது. சவரக்கடைக்காரர்தான் சொன்னார், அடக்க முடியாத இளிப்போடு. தரகரின் முகம் ஒவ்வொரு நிறமாக மாறியது.

"இவங்களுக்கா சாட்சி சொன்னேன்? நானா? அழிங்கய்யா அதை!"

"மை," என்றார் அதிகாரி.

தரகர் சில்லறையைத் தேடினார். சில்லறை உரமூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அண்ணியின் முதுகைத் தேடினான். ஆனால் தரகருக்கு முன்னால் வந்து நின்றது ஆட்டுக்காரி. அவர் மார்பு உயரம்தான் இருந்தாள்.

"நான் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்," என்றாள்.

"சொல்லிப் பாரு, பல்லைத் தட்டிடுவேன்," என்றார் தரகர்.

அவள் தலையை ஆட்டினாள், அது நியாயம்தான் என்கிற மாதிரி. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து பத்திர மூட்டையின் கயிற்றை இறுக்கப் பார்த்தாள். முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டாள், நழுவியது. பிறகு மூட்டையையே முகத்தில் பொத்திக்கொண்டாள். இரண்டு ஊரும் கதவில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தன. தரகர் அவர்களை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, படிக்கும் கூட்டத்துக்கும் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டிக் காலை அகட்டி நின்றுகொண்டார்.

"என்னடா வேடிக்கை?" என்று கத்தினார். "அவனவன் வேலையைப் பாருங்கடா!"

அவள் எழுந்திருக்கும் வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.